நிஜம் மாதிரியே ஒரு விமானம்

“இது விமானமே இல்லைம்மா. பொம்மை.”

ஐந்து மாடி படியேறி வந்த மூச்சிரைப்பு இன்னும் அடங்கவில்லை. அதற்குள் அந்த மனிதர் இரண்டாவது விமானத்தையும் கழித்துக் கட்டிவிட்டார்.

கடைக்காரிக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பார்க்கிறவர்களுக்கான கடை அது. கைப்பிடி, பெடல், ஓட்டுவதற்கு விதவிதமான விமானங்களின் சாஃப்ட்வேர் எல்லாம் கிடைக்கும். வாங்கத்தான் ஆள் கிடைக்காது. கட்டடத்து லிஃப்ட் படுத்து இரண்டு மாதமாகிறது. வருகிறவர்கள் மூன்றாவது மாடியிலேயே மனசு மாறித் திரும்பிவிடுகிறார்கள். கடைக்கே மூளையான அவள் கணவர், முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் படியேற முடியாமல் வீட்டோடு முடங்கிக் கிடக்கிறார். ஒருத்தியாக உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறாள். இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

நல்லவேளையாக, லிஃப்டைச் சோதித்தாயிற்று, இனி பயமில்லாமல் ஓட்டலாம் என்று இன்று காலையில்தான் அரசாங்க சர்டிஃபிகேட் வந்தது. வாசலிலேயே ஒட்டியிருக்கிறார்கள். பாவம், இந்த மனுஷர் அதைக் கவனிக்காமல் படியேறி வந்திருக்கிறார்.

“இதுல என்ன சார் குறை? கண்ணாடியில மழைத்துளி வழியறது வரைக்கும் தெரியுதே.”

“மழைத்துளி கிடக்கட்டும். இது டர்போப்ராப். ஜெட் இன்ஜினை வச்சு முன்னாடி இருக்கற விசிறியைச் சுத்த வைக்கிற ஜாதி. இன்ஜின் வேகம் பிடிக்கறதுக்கு முன்னாடியே எரிபொருளைத் திறந்தா உள்ளே வெந்து போயிடணும். நான் வேணும்னே அவசரப்பட்டுத் திறந்தேன். ஒண்ணும் ஆகலை. சமத்தா ஸ்டார்ட் ஆகுது.”

“ஸ்டார்ட் ஆனா நல்லதுதானே சார்?”

அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “தப்பு பண்ணினா தண்டனை வேணாமா?”

இந்த ஆளிடம் தன்னால் மாரடிக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே போய்க் கணவருக்குப் போன் போட்டாள்.

“ஏங்க, லிஃப்ட் ஓடுது. உடனே கிளம்பி வாங்க. ஒருத்தர் வந்து உயிரை வாங்கறாரு.”

அடுத்த தெருதான் வீடு. கால் மணி நேரத்தில் அவர் ஊன்றுகோலோடு வந்து நின்றார். இரண்டு மாதத்துக்கு அப்புறம் கடையைப் பார்த்த சந்தோஷத்தில் முகமெல்லாம் பல். அவளுக்கும் பாதி பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

வாடிக்கையாளர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “லிஃப்ட்லயா வந்தீங்க?”

“ஆமா சார்.”

“வழியில ஒண்ணும் ஆகலையே?”

“இல்லை சார். கால் இப்போ பரவாயில்லை.”

“எதுக்கும் ஜாக்கிரதையா இருங்க.”

முன்பின் தெரியாதவரிடம் எவ்வளவு அக்கறை என்று அவளுக்குத் தோன்றியது. கொஞ்சம் முன்னால் இவரை மனசுக்குள் திட்டியதற்கு வெட்கமாகவும் இருந்தது.

கணவர் மூன்றாவது விமானத்தை எடுத்துப் போட்டார். “இது கறார் பேர்வழி சார். ஒவ்வொரு தடவையும் கிளம்பறதுக்கு முன்னாடி விமானத்தைச் சுத்தி வந்து நாற்பது இடம் பாக்கணும். நீங்க பண்ற தப்பு எல்லாம் ஞாபகம் வச்சிருக்கும். இன்னிக்கு இன்ஜினைக் கெடுத்தா நாளைக்குக் கம்ப்யூட்டரைப் போட்டாலும் கெட்டுப்போயேதான் இருக்கும்.”

“அப்படியா? சோதிச்சுப் பாத்துடலாம்.”

வாடிக்கையாளர் ஒன்றையும் பார்க்கவில்லை. சரிபார்ப்புப் பட்டியலில் நாற்பதுக்கும் மளமளவென்று டிக் போட்டார். எவ்வளவு வேகமான கை என்று கடைக்காரி அசந்து போனாள். விமானம் ஓடி மேலே ஏறியது. இரண்டாவது நிமிஷம் எண்ணெய் இல்லாமல் இன்ஜின் நின்றது. மூன்றாவது நிமிஷம் ஒரு வயலில் விழுந்து எரிந்தது.

அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

“இதுதாங்க விமானம். எண்ணெய் மூடியைத் திறந்து பாக்காம பாத்தேன்னு டிக் போட்டேன். விடலை பாருங்க, கவுத்துடுச்சு. உள்ளே உக்காந்திருக்கறவன் யாரை நம்பி உக்காந்திருக்கான்? டிக் போட்டவனை நம்பித்தானே?”

“கம்ப்யூட்டர் விமானத்துக்குள்ள யார் சார் உக்காந்திருக்காங்க?” என்றாள் அவள் சிரித்துக்கொண்டே.

“யாரும் இல்லைன்னா என்னம்மா? மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்ல.”

அவள் மனசுக்குள் அவருக்கு ஒரு கும்பிடு போட்டாள். வெறும் விளையாட்டுக்கே இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறாரே, இவர் பார்க்கிற வேலையில் எவ்வளவு சுத்தமாக இருப்பார்? ஒவ்வொரு ஆபீஸிலும் இப்படி ஒரு ஆள் இருந்தால் நாடு எங்கேயோ போயிருக்கும்.

விமானத்தோடு கைப்பிடியும் பெடலும் சேர்த்தே வாங்கிக்கொண்டார். இரண்டு மாதத்தில் இதுதான் பெரிய வியாபாரம். எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய பெட்டி, நல்ல கனம். அதை அவர் தோளில் ஏற்றிக்கொண்டு மாடிப்படி பக்கம் திரும்புவதைப் பார்த்துக் கடைக்காரி பின்னாலேயே ஓடினாள்.

“சார், இதைத் தூக்கிட்டு ஏன் படியில போறீங்க? லிஃப்ட் சரியாயிடுச்சு. காலைலதான் சர்டிஃபிகேட் ஒட்டினாங்க.”

“தெரியும்மா,” என்றார் அவர், ஒவ்வொரு படியாகக் காலை ஊன்றிப் பார்த்து இறங்கிக்கொண்டே. “நேத்து ஆபீஸ்ல உக்காந்த இடத்துலயே அதுல கையெழுத்துப் போட்டது நான்தான்.”