தவக்காலத்து இறால்

தட்டில் ஆறு இறால்கள் இருந்தன.

பக்கத்தில் நறுக்கிய முட்டைக்கோஸ், ஒரு கீற்று எலுமிச்சை. வைத்தவர் பங்குச் சாமியார். அங்கியின் மேல் ஏப்ரன் கட்டிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, இடுக்கியால் எண்ணெய் வடித்து வைத்தார்.

அவள் கேட்கவில்லை. நீட்டிய தட்டை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

அமெரிக்காவில் மில்வாக்கிக்கு வந்து இது முதல் தவக்காலம். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் கூட்டம் மொத்தமும் கோயிலின் கீழ்த்தளத்துக்கு இறங்கியது.

"கஞ்சி ஊத்துதாங்க போல," என்றார் அவள் கணவர்.

தூத்துக்குடியில் அப்படித்தான். கஞ்சி, துவையல், முடிந்தது. இரண்டு பேரும் நம்பி இறங்கினார்கள்.

பாதிப் படியிலேயே வாசனை வந்துவிட்டது.

இந்த ஊர்க்காரர்களுக்கு வெள்ளிக்கிழமை இறைச்சி மட்டும்தான் ஆகாதாம். கடலில் பிடித்ததெல்லாம் ஆகுமாம். குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து, மீனும் இறாலும் பொரித்துத் தின்று, பீரும் குடித்து, தவக்கால ஒறுத்தல் செய்துகொண்டிருந்தார்கள். நல்ல ஊர்தான்.

அவள் கணவருக்குச் சிரிப்பு வரவில்லை. முட்டைக்கோஸும் ரொட்டியும் மட்டும் வாங்கிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

சாம்பல் புதனன்றே மாதாவிடம் நேர்ந்துவிட்டார். இந்தப் பிள்ளை தங்கட்டும், ஈஸ்டர் வரை நாங்கள் மீன், கறி என்று எந்தக் கவிச்சியும் தொட மாட்டோம்.

நாங்கள் என்று அவராகவே சொல்லிக்கொண்டார். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். இது மூன்றாவது. முதல் இரண்டும் மூன்று மாதம் தாண்டவில்லை.

இது பதினோராவது வாரம்.

மசக்கை அவளைப் போட்டுப் புரட்டியது. மூன்று வாரமாக வயிற்றில் எதுவும் நிற்கவில்லை. ரசம் சாதம் நிற்கவில்லை. ரொட்டி நிற்கவில்லை. சில நாள் தண்ணீரே நிற்கவில்லை. ஐந்து கிலோ இறங்கிவிட்டாள். எது இறங்குகிறதோ அதைச் சாப்பிடு என்றார் டாக்டரம்மா. சொல்வதற்கு நன்றாகத்தான் இருந்தது.

இப்போது பசித்தது.

வாயில் எச்சில் ஊறி, காதுக்குக் கீழே வலித்தது. பசி என்று ஒன்று இருந்ததே அவளுக்கு மறந்து போயிருந்தது. அழுகை வந்தது.

ஒரு இறாலை எடுத்தாள்.

"வேண்டாம்ளா," என்றார் அவர். கோபம் இல்லை, பயம். "மாதாட்ட சொல்லிருக்கு."

அவளுக்கும் பயம்தான். ஏதாவது ஆகிவிட்டால், டாக்டர் என்ன காரணம் சொன்னாலும் யார் காதிலும் ஏறாது. ஊரில் மாமியார் வாய்விட்டுச் சொல்வார். இவர் சொல்ல மாட்டார், நினைப்பார். சொல்லாமல் நினைக்கிற மனிதரோடு காலம் முழுக்க ஒரே வீட்டில் இருக்க வேண்டும்.

அவளே நினைப்பாள். அதுதான் பெரிய பயம். அந்த வெள்ளிக்கிழமை, அந்த இறால்.

வைத்துவிடலாம். முட்டைக்கோஸைக் கொறிக்கலாம். வீட்டுக்குப் போய் அதையும் வாந்தி எடுக்கலாம்.

"நீங்க நேர்ந்தது என் வாயத்தான," என்றாள். "கேக்குறது வயிறுல்லா."

வாலைப் பிடித்துக்கொண்டு கடித்தாள்.

மாவு மொறுமொறுப்பாக இருந்தது. இறால் கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது. உறைப்பு என்று ஒன்று இவர்களுக்குத் தெரியவே தெரியாது போல. எலுமிச்சையைப் பிழிந்துகொண்டாள். மென்றாள். விழுங்கினாள்.

காத்திருந்தாள்.

ஒரு கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. கழிப்பறை எந்தப் பக்கம் என்று வந்தவுடனே பார்த்து வைத்திருந்தாள்.

ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது.

நின்றது.

வாலைத் தட்டோரம் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அதற்கு அடுத்ததையும். அவசரப்படவில்லை. தெரியாமல் தின்றேன், பசியில் தின்றேன் என்று பின்னால் சொல்லிக்கொள்ள அவள் விரும்பவில்லை. ஒவ்வொன்றையும் நிதானமாக மென்று, தெரிந்தே விழுங்கினாள்.

ருசித்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

அவர் ரொட்டியைத் தொடவில்லை. அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாய் இறங்கும்போதும் அவர் தொண்டையும் சேர்ந்து இறங்கியது.

ஐந்து முடிந்தது. ஒன்று இருந்தது.

அவர் கையை நீட்டினார்.

பிடுங்கிவிடப் போகிறார் என்று நினைத்துத் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். அவர் விடவில்லை. அந்த ஒன்றை எடுத்து, கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். மற்றக் கையால் சிலுவை போட்டுக்கொண்டார்.

பிறகு வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

 

வாலைத் தன் தட்டில் வைத்தார். அவள் தட்டோரம் கிடந்த வால்களையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் தட்டில் வைத்துக்கொண்டார். ஐந்தையும்.

இப்போது பார்க்கிறவர்களுக்கு, ஆறையும் தின்றது அவர்.