விளிம்பில் ஒரு கறுப்புப் பட்டை

நூலகத்தின் பின்னறையில் ஜன்னல் வெயில் மேசையின் பாதி வரை வந்து நிற்கிறது. வெயிலில் கிடப்பது, இஸ்லாமுக்கும் கிறிஸ்தவ ஐரோப்பாவுக்கும் இருந்த உறவைச் சொல்லும் ஒரு தடித்த புத்தகம். நிழலில் ஊதா மைப்பெட்டி. ‘நீக்கப்பட்டது’ முத்திரையை மையில் ஒற்றி எடுத்துவிட்டார் நூலகர் அம்மா, கட்டைவிரலிலும் மை. கிழிந்த புத்தகங்களைத் தைத்துக் கொடுக்க வந்திருக்கும் பைண்டர் கையை நீட்டி மறிக்கிறார். “ஒரு நிமிஷம் இருங்கம்மா. இந்தப் பக்கவாட்டைப் பாருங்க.” மூடிய புத்தகத்தின் தாள் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்குக் கன்னங்கரேலென்று ஒரு பட்டை. சிலுவைப் போர் அத்தியாயம். எச்சில் தொட்டுப் புரட்டி, அடிக்கோடு போட்டு, ஓரத்தில் ஒருவரையொருவர் திட்டி எழுதி, நைந்து தொங்குகிறது. அடுத்த அத்தியாயம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. அரபு மருத்துவ நூல்களைத் துறவிகள் லத்தீனுக்குக் கொண்டுபோன கதை. அச்சகத்தில் வெட்டு விழாத அந்தத் தாள்கள் இன்னும் மடிப்புப் பிரியாமலே கிடக்கின்றன. “முப்பது வருஷமா சண்டைய மட்டும் கரைச்சுக் குடிச்சிருக்காங்க. இதை ஒருத்தரும் சீண்டலை” என்கிறார் பைண்டர். “அதுக்கு நான் என்ன பண்றது? கழிக்கிற பட்டியல்ல ஏத்தியாச்சு” என்கிறார் அம்மா எரிச்சலோடு. அதே எரிச்சலோடுதான் முத்திரையைக் கீழே வைத்துவிட்டு, மடிப்புக்குள் அளவுகோலை விட்டு இழுக்கிறார். சர்ரென்று தாள் பிரிகிறது. நின்றபடியே ஒரு பக்கம் படிக்கிறார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த பக்கம். வெயில் நகர்ந்து முத்திரையைத் தொடும்போது அதன் மை காய்ந்துவிட்டிருக்கிறது. புத்தகத்தின் வெள்ளை விளிம்பில் முதல் அழுக்காக, ஊதா நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை.