சோலையம்மாளின் பத்து நிமிடம்

வேன் வந்து ஆட்களை இறக்கியதும், வேலைக்கு முன் பட்டாசுக் கம்பெனியில் பத்து நிமிடம் தியானம். அதில் மனசு அடங்குகிறது என்பாள் பாண்டிச்செல்வி. பக்கத்து இடத்துச் சோலையம்மாள் ஒருநாளும் கண்ணை மூடியதில்லை.

"அம்புட்டு நேரத்துல ஒரு தட்டு வெடிக்குத் திரி வச்சிருவேன்ல?" என்பாள்.

போன சீசன் விபத்தில் சோலையம்மாள் இறந்துபோனாள். அவள் இடத்தில் யாரும் உட்காரவில்லை. ஆனாலும் தியானம் முடிந்து கண்ணைத் திறந்தால், அங்கே இருக்கும் தட்டில் எல்லா வெடிக்கும் திரி வைத்தாகியிருக்கும்.

இன்று பாண்டிச்செல்வி அந்தத் தட்டை எடுத்துவிட்டு, ஒரு சாக்கை நாலாக மடித்து அந்த இடத்தில் மெத்தென்று போட்டாள்.

"இன்னைக்காவது செத்த நேரம் கண்ணை மூடி உக்காருங்க, மதினி."

தியானம் முடிந்தது. எல்லாரும் வேலையில் இறங்கிவிட்டார்கள். அந்தச் சாக்கு மட்டும் நடுவில் அமுங்கியே கிடந்தது.