பதினோராம் பக்கத்துக் கழித்தல் குறி

"அக்கா, தறியை நிறுத்து! கண்டுபிடிச்சிட்டேன்!"

கை நிறையத் தாள்களோடு ஏலவார்குழலி ஓடிவந்தாள். கல்லூரியில் இயற்பியல் சொல்லித்தரும் தங்கை இப்படி மூச்சிரைக்க ஓடிவந்து கலாவதி பார்த்ததே இல்லை. நெய்துகொண்டிருந்த சேலையிலிருந்து கையை எடுத்தாள்.

"இன்னாடி கண்டுபிடிச்ச?"

"ஆக்சியான்னு ஒரு துகள் இருக்குதுக்கா. கணக்குல வருது, ஆனா இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல."

"சரி."

"இன்னொண்ணு. ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ஜோடித் துகள் இருக்கணும். மீச்சமச்சீர்னு அதுக்குப் பேரு. ஒரு ஜோடிகூட கண்ல படல. ஏன்னா, அந்தச் சமச்சீர் எப்பவோ உடைஞ்சுபோச்சு."

"இது ரெண்டுக்கும் இன்னாம்மா சம்பந்தம்?"

"அதான் விஷயமே! சம்பந்தமே கிடையாதுன்னு தொண்ணூத்திரண்டுல ஒருத்தங்க நிரூபிச்சாங்க. ஆறு வருஷமா எல்லாரும் அதை நம்பிக்கினு இருக்காங்க. ஆனா பதினோராம் பக்கத்துல மைனஸ் போட வேண்டிய எடத்துல ப்ளஸ் போட்டுட்டாங்கக்கா! அதைத் திருத்திப் பாத்தா, ஆக்சியானைக் கொண்டுவர்றதும் சமச்சீரை உடைக்கிறதும் ஒண்ணேதான். ஒரே காரணம்!"

குழலி அக்காவின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். பாதிக்கு மேல் புரியாவிட்டாலும் கலாவதிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று அவள் முகம் மாறியது.

"அப்போ அந்த ஆளு கதி?"

"அதை வச்சுத்தான் டாக்டர் பட்டமே வாங்கினாங்க. இது அச்சுல வந்துட்டா, அந்தக் கட்டுரையை இனி யாரும் தொடமாட்டாங்க."

"ஐயோ பாவம்! நீ கண்டுபிடிச்சதை மட்டும் எழுதேன். அந்தத் தப்பை எதுக்கு ஊருக்குச் சொல்ற?"

"தப்பைச் சொல்லாம இதை எழுதவே முடியாதுக்கா. நாலு மணி தபால்ல அனுப்பப் போறேன். அவங்ககிட்டயும் கேட்டுட்டேன்."

"கேட்டியா? கோவப்படல?"

"மொதல்ல அழுதாங்க. அப்புறம் பாரு, சிரிப்பு தாங்கல. 'இன்னிக்கே அனுப்பு'ன்னுட்டாங்க."

கலாவதி எழுந்தேவிட்டாள். "எவ்ளோ பெரிய மனசுடி! பேரைச் சொல்லு, ஏகாம்பரநாதர் கோயில்ல அந்தப் பேருக்கு ஒரு அர்ச்சனை பண்றேன்."

குழலி தாள்களுக்கு அடியிலிருந்து, அந்தக் கட்டுரை வந்த பழைய ஆய்விதழை எடுத்து விரித்து நீட்டினாள். கட்டுரைத் தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. கலாவதி அந்த ஆங்கில எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டுக் கூட்டிப் படித்தாள்:

"ஏ... ல... வார்... குழலி."