இருவருக்கான தனிமை

எங்கள் குடியிருப்பில் அறைகளை ஒதுக்கும் செயலி, ஒரே ஆளுக்காக எந்த அறையிலும் ஏசி போடாது. தனியாக இருக்க இடம் கேட்டால், அதையே கேட்ட இன்னொருவரையும் சேர்த்துத்தான் கதவைத் திறக்கும். யாரென்று முன்கூட்டிச் சொல்லாது.

யாருடைய மனைவியாகவும் மருமகளாகவும் இல்லாமல் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் எனக்கு. வீட்டில் யோகா வகுப்பு என்று சொல்லிவிட்டு மாடி வாசிப்பறைக்குப் போனேன்.

உள்ளே என் மாமியார். கோயிலுக்கென்று கிளம்பியவர்.

"யோகா இங்கதான் நடக்குதா, தமயந்தி?"

"கோயிலும் இங்கதான் போல, அத்தை."

சிரிக்காமலிருக்கப் பார்த்துத் தோற்றார். எனக்கோ என் ஒரு மணி நேரம் போயிற்றே என்றிருந்தது. எழுந்து போகலாம். போனால் ஏசி நின்று, அவருடைய ஒரு மணி நேரமும் போய்விடும்.

"உக்காரு. இங்க நான் யாருக்கும் மாமியார் இல்ல. பேசாம இரு."

நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அங்கே நான் யாராகவும் இல்லை. நன்றாக இருந்தது.

நேரம் முடிந்து விளக்கு அணைந்ததும் கேட்டார்: "அடுத்த வியாழனும் யோகா உண்டுல்ல?"

"உண்டு, அத்தை. நீங்க கோயிலுக்குப் போக மறந்துடாதீங்க."