தரையில் படாத சக்கரம்

காலையில் எழுந்தேன். பல் விளக்கினேன். பால் வாங்கினேன். காப்பி போட்டுக் குடித்தேன். சவரம் செய்யவில்லை. வாசலில் லாரி ஹாரன் அடித்தது. வேட்டியை மாற்றிக்கொண்டு ஏறினேன்.

ஓட்டியது விருமாண்டி, என் மனைவியின் அண்ணன். பின்னால் வாடிப்பட்டியில் எடுத்த வாடகைப் பாத்திரங்கள். அவற்றுக்கு நடுவே, உருளப் பார்த்த அண்டா ஒன்றைக் கட்டிப் பிடித்தபடி என் மாமியார் ரெங்கம்மாள்.

பதினொரு மணிக்குள் திருவாதவூர் போக வேண்டும். அண்டா போனால்தான் அங்கே உலை. ஊரே பந்தலில் உட்கார்ந்திருக்கும்.

பாலத்து டோல்கேட்டில் சக்கரத்தை எண்ணி வரி வாங்கும் நல்லகாமன் கட்டையை இறக்கிவிட்டார்.

"எட்டுச் சக்கரம்."

"ஆறுண்ணே" என்றான் விருமாண்டி.

இந்த லாரிக்குப் பின்னால் ஓர் அச்சு கூடுதல். அவனியாபுரம் பட்டறையில் சேர்த்தது. பாரம் இல்லாதபோது சங்கிலி போட்டுத் தூக்கிக் கட்டிவிடலாம். டயர் தேயாது. இரண்டு சக்கரங்கள் தரைக்கு ஒரு சாண் மேலே சும்மா தொங்கிக்கொண்டு வரும்.

"தொங்குனாலும் சக்கரந்தான்" என்றார் நல்லகாமன்.

போன மாதம் நெல் ஏற்றிய அன்று சங்கிலி சிக்கி அந்த அச்சு இறங்கவில்லை. வழியில் மறித்த சோதனை அதிகாரி, தரையில் படாதது சக்கரமே இல்லை, ஆறு சக்கரத்துக்கு இது அதிக பாரம் என்று அபராதம் போட்டுவிட்டார்.

"அங்க இல்லேங்கிறாக, இங்க இருக்குங்கிறீக. ரெண்டு பேரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வாங்கண்ணே. அதுவரைக்கும் வண்டிய ஓரங்கட்டுறேன்."

நல்லகாமன் குனிந்து, தொங்கிய சக்கரத்தைக் கையால் தள்ளிவிட்டார். நன்றாகவே சுற்றியது.

"பாத்தியா, சுத்துது."

"காத்தாடிகூடத்தான் சுத்துது. வரி போடுவீகளா?"

பின்னால் நின்ற மாட்டுவண்டிக்காரர் இறங்கி வந்து தானே எண்ணிப் பார்த்தார். அவருக்கு ஏழு வந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

நல்லகாமன் என்னைப் பார்த்தார். பார்வை நின்றது.

"வரி கெடக்கட்டும். அன்னைக்கும் இதே எடம், இதே பேச்சு. உள்ள ஒரு பொண்ணு காலத் தூக்கி டேஷ்போர்டு மேல வச்சிருந்துச்சு, என் மூஞ்சிக்கு நேரா. என்னமோ சொல்லுச்சு. நீ சிரிச்ச. என்னையப் பத்தித்தான?"

அவளுக்குக் கால் வீங்கியிருந்தது. தூக்கி வைக்கச் சொல்லியிருந்தார்கள்.

"அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வந்து அத எங்கிட்டச் சொல்லச் சொல்லு. ஆறுக்கே விடுறேன்."

விருமாண்டி இன்ஜினை நிறுத்தினான்.

"அந்தப் புள்ளைக்குத்தாண்ணே இன்னைக்குப் பதினாறாம் நாள் காரியம்."

நல்லகாமன் தலைத்துண்டை அவிழ்த்தார். கட்டையைத் தூக்கினார். ஆறும் கேட்கவில்லை, எட்டும் கேட்கவில்லை. மாட்டுவண்டிக்காரர் எண்ணுவதை விட்டுவிட்டார்.

என் மனைவி சோலையம்மாள் கடைசியாக என்ன சொன்னாள் என்பதற்கு வீட்டில் பல கதைகள் உண்டு. 'அவரப் பாத்துக்கம்மா' என்றாளாம், இது மாமியார். முருகனைக் கூப்பிட்டாளாம், இது சின்னத்தை. பக்கத்து வீட்டுக் கணக்குப்படி, தண்ணீர் கேட்டாள். இவர்களில் ஒருவரும் அன்று லாரியில் இல்லை.

இந்தக் கேட்டைத் தாண்டியதும் கண்ணை மூடினாள். மதுரை போனதும் ஆஸ்பத்திரியில் எழுப்பிப் பார்த்தார்கள்.

என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

விருமாண்டி வண்டியைக் கிளப்பினான். நல்லகாமன் என் பக்கத்து ஜன்னலுக்கு வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"என்னதாம்ப்பா சொல்லுச்சு?"

அன்று விருமாண்டி கீழே இறங்கி நின்று வாதாடிக்கொண்டிருந்தான். அவனுக்கும் தெரியாது. இப்போது ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான். பின்னால் அண்டா உருளும் சத்தம் நின்றது.

சொன்னேன்.

"நானுந்தான் ரெண்டு காலயும் தூக்கி வச்சிருக்கேன். என்னையக் கணக்குல சேக்க வேணாம்னு அந்த டோல்கேட்டு அண்ணங்கிட்டச் சொல்லுங்க."