தலைகுப்புற விழும் வாத்து

தமயந்தியின் கைபேசியில் இடம் நிரம்பிவிட்டது. எதையாவது நீக்கியாக வேண்டும். பகல் முழுவதும் அலுவலகத் தொலைபேசியில் புகார்க்காரர்களின் ஏச்சைக் கேட்டுவிட்டு, வீடு திரும்பும் பேருந்தில் அவள் திரையை அழுத்திப் பிடித்தாள். எல்லாச் செயலிச் சின்னங்களும் நடுங்கின.

“நீதான்டா கிளம்பப் போறே,” என்றது மின்னஞ்சல், பக்கத்திலிருந்த விளையாட்டு வாத்திடம். “கன்னத்தை உப்ப வச்சுக்கிட்டு இங்கே என்ன வேலை உனக்கு? நான் இல்லேன்னா அவளுக்குச் சம்பளமே கிடையாது.”

“தெரியும் அண்ணே,” என்றது வாத்து. அதன் மஞ்சள் வெளிறிப்போயிருந்தது.

வாத்து விளையாட்டை நீக்குவதற்கு முன் அவள் கடைசியாக ஒருமுறை அதை ஆடிப் பார்த்தாள். கை தவறியது. வாத்து சேற்றில் தலைகுப்புற விழுந்து, கால்களை உதைத்து, தலையில் தாமரை இலையோடு எழுந்து கண் சிமிட்டியது. தமயந்தி சிரித்துவிட்டாள். காலையிலிருந்து இறுகியிருந்த தோள்கள் தளர்ந்தன. பழைய படங்கள் சிலவற்றை நீக்கினாள். மின்னஞ்சலின் ஒலியை அணைத்தாள். இன்னும் ஒரு முறை ஆடினாள்.

வாயடைக்கப்பட்ட மின்னஞ்சல் முணுமுணுத்தது: “அப்படி என்னதான்டா சொன்னே அவகிட்டே?”

“ஒண்ணும் சொல்லலை அண்ணே,” என்றது வாத்து, இலையை எடுத்து வைத்துவிட்டு. “அவ கை தவறினா. நான் விழுந்தேன். அவ்வளவுதான்.”